பசை பூசிய வெள்ளிக்கிழமை

ஈஸ்டர் வாரத்தில் மலைக்குப் போகாமல் ஆஸ்லோவிலேயே இருந்துவிட்டால் அக்கம்பக்கத்தில் பரிதாபமாக விசாரிப்பார்கள். உடம்புக்கு ஏதாவதா, வீட்டில் ஏதாவது சண்டையா என்று. இரண்டும் இல்லாததால் சிக்னே ஆறாவது வருஷமாகக் கணவன் ஸ்டுர்லாவின் குடும்ப மலைக்குடிலில் இருந்தாள். நகரத்து வீட்டில் குளியலறைத் தரையைக்கூடச் சூடேற்றி வைத்திருக்கிற குடும்பம் அது. இங்கே வந்தால் பனியை வாளியில் அள்ளி உருக்கிக் குடிக்கும். கழிப்பறை வெளியே, முழங்கால் ஆழப் பனியைத் தாண்டி, ஒரு கொட்டகையில். ஒரு வருஷம் யாரோ அதற்கு மெத்தென்ற இருக்கை வாங்கி வந்தார்கள். ஸ்டுர்லா அதை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தான். மறுநாள் அது விறகுக்கட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது.

சிக்னேவுக்குப் பனிச்சறுக்கு பிடிக்கும். பிரச்சினையே அதுதான். அவளுக்கு அது பிடிக்க மட்டும்தான் செய்யும். தடத்தில் கொஞ்ச தூரம் போக வேண்டும், வெயில் படுகிற பாறையாகப் பார்த்து உட்கார வேண்டும், ஆரஞ்சு உரித்துத் தின்றுவிட்டுத் திரும்ப வேண்டும். அதைவிடப் பிடித்தது, கம்பியில் தொங்குகிற லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து மலையுச்சிக்குப் போய் அங்கிருந்து வழுக்கிக்கொண்டு இறங்குவது. மூச்சு வாங்காமல் மேலே போய், சிரித்துக்கொண்டே கீழே வருகிற விளையாட்டு உலகத்தில் வேறு எது இருக்கிறது?

"ஒக்காந்துக்கிட்டு மேல போறது மூட்டை" என்பான் ஸ்டுர்லா. "மனுஷன் நடந்து போவான்."

பெரிய வெள்ளியன்று மலைமேல் இருக்கிற வாஃபிள் கடைவரை குடும்பமாகச் சறுக்கிப் போய்வருவது, சனிக்கிழமை லிஃப்ட் சரிவுக்குப் போவது. கல்யாணமான வருஷமே போட்ட ஒப்பந்தம் இது. வெள்ளி ஒரு வருஷமும் தவறியதில்லை. சனி ஒரு வருஷமும் வந்ததில்லை. வெள்ளிக்கிழமை ஏதோ ஒரு ஏற்றத்தில் சிக்னே "கால் வலிக்குது" என்று சொல்லிவிடுவாள். "அப்போ நாளைக்கு ரெஸ்ட் எடுத்துக்கோ" என்று ஸ்டுர்லா அன்பாகச் சொல்லுவான். ரெஸ்ட் எடுப்பவள் எப்படி லிஃப்டுக்குப் போவாள்?

இந்த வருஷம் வியாழன் சாயங்காலமே அவள் பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். வாசல்ல கெளம்புனதுலேர்ந்து வாசல்ல வந்து சேர்ற வரைக்கும். சொல்லலன்னா சனிக்கிழமை நீயும் எங்கூட சரிவுக்கு வர்ற."

"ஒரு வார்த்தைகூடவா?" ஸ்டுர்லாவுக்குச் சிரிப்பு வந்தது. "பெர்கன்காரியா? நடக்கிற கதையா?" அவள் பிறந்த பெர்கனில் மழைதான் பெய்யும். அவளிடம் இருக்கிற எல்லாக் குறைக்கும் அந்தக் குடும்பம் கண்டுபிடித்த காரணம் அது.

"நான் அம்பயர்" என்றாள் அவன் தங்கை யோருன். "மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டாலும் அவுட்டா, அண்ணா?"

"மூஞ்சி பரவாயில்ல. வாய்தான்."

யோருன் கட்டிக்கொள்ளப்போகிற ப்ரெபென் மூலையில் உட்கார்ந்து துப்பறியும் நாவல் படித்துக்கொண்டிருந்தான். டென்மார்க்காரன். மலையே இல்லாத நாட்டுக்காரன் என்பதால் மூன்று நாளாக அந்த வீட்டின் பொழுதுபோக்கே அவன்தான். அவன் வாடகைக்கு எடுத்து வந்திருந்த சறுக்குப் பலகைகளின் அடியில் ஆட்டுமுடிப் பட்டை ஒட்டியிருந்தது. அது பனியைத் தானே பிடித்துக்கொள்ளும். மற்றவர்களைப்போல அன்றன்றைய பனிக்கேற்ற மெழுகைத் தேடிப் பூசவே வேண்டாம். ஸ்டுர்லா அவற்றைத் திருப்பிப் பார்த்து, தடவி, "மே" என்று கத்திக் காட்டினான்.

"ஆமா மச்சான்" என்றான் ப்ரெபென். "புல்லு போட்டா போதும், ஓடும்."

விடிந்தபோது புதுப் பனி விழுந்திருந்தது. விரல் நீளத்துக்கு, மாவுபோல, காய்ந்த பனி. சிக்னே ஜன்னலுக்கு வெளியே இருந்த வெப்பமானியைப் பார்த்தாள். பூஜ்யத்துக்கு நன்றாகக் கீழே. இந்தக் குளிருக்கு நீல மெழுகு என்று எந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சொல்லிவிடும்.

வெளியே ஸ்டுர்லா மெழுகுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். வெப்பமானியை அவன் பார்ப்பதில்லை. அது விருந்தாளிகளுக்காக மாட்டியது. அவன் குனிந்து பனியைக் கிள்ளி எடுத்து, விரலிடையில் தேய்த்து, வானத்தைப் பார்த்தான். டாக்டர் நாடி பிடிக்கிறபோது யாரும் பேசாததுபோல எல்லோரும் காத்திருந்தார்கள்.

"பசை" என்றான். "செவப்புப் பசை."

சிவப்புப் பசை என்பது பற்பசைபோலக் குழலில் வருகிற மெழுகு. தேன்போல இழுபடும், கையில் பட்டால் வாரக்கணக்கில் போகாது. உருகி உறைந்து கிடக்கிற பழைய பனிக்குத்தான் அது.

"புதுப் பனியாச்சே அண்ணா..."

"இது சும்மா மேல தூவுன சர்க்கரை. காத்தடிச்சா போயிரும். அடியில பழைய ஐஸ்தான். ஈஸ்டர்னா பசைதான். நான் என்ன இன்னிக்கு நேத்தா பூசறேன்?"

சிக்னே அவனையும் வெப்பமானியையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லோரும் பிழைப்பார்கள். ஆனால் குடும்பத் தலைவன் பூசுகிற மெழுகைப் பற்றிச் சொல்வது குறையா, தகவலா? யோருனைப் பார்த்தாள். அம்பயர் உதட்டைப் பிதுக்கினாள். சிக்னே தன் பலகைகளை நீட்டினாள்.

"பூசு" என்றாள்.

"பெட்டிய எடுத்துக்கலாமா?" என்று யோருன் கேட்டாள்.

"சரியாப் பூசுனவனுக்குப் பெட்டி எதுக்கு?"

குடிலின் புகைபோக்கி மறைவதற்குள் ஆரம்பித்துவிட்டது. புதுப் பனித்துகள்களின் கூர்முனைகள் இளகிய பசையில் குத்திக்கொண்டன. அவற்றின்மேல் இன்னும் பனி, அதன்மேல் இன்னும். கொஞ்ச நேரத்தில் மூன்று பேரின் பாதத்துக்கடியிலும் ரொட்டி அளவுக்குக் கட்டி. கல்யாண வீட்டுக் குதிகால் செருப்பு போட்டதுபோல மூவரும் உயரமாக நின்றார்கள். பலகை வழுக்கவே இல்லை. தூக்கித் தூக்கி வைத்து நடக்க வேண்டியிருந்தது.

"தடத்துல வேகமா ஒதச்சா உதிர்ந்துரும்" என்றான் ஸ்டுர்லா. உதைத்தான். பனிக்கட்டி பெரிதானது.

ப்ரெபென் மட்டும் போய்க்கொண்டிருந்தான். கைகள் ஒரு பக்கம், கால்கள் ஒரு பக்கம், பார்க்கக் கண்றாவியாக இருந்தது. முதல் வளைவில் விழுந்தான், சிரித்தான், எழுந்தான், மறுபடி போனான். "சூப்பரா இருக்கு!" என்று கத்தினான். அப்புறம் ஆளையே காணோம்.

"எப்படி இருக்கு?" என்று ஸ்டுர்லா சிக்னேவைக் கேட்டான். குரலில் தூண்டில் இருந்தது.

"அருமை" என்றாள் சிக்னே. "காட்சியெல்லாம் உயரத்துலேர்ந்து தெரியுது."

"அம்பயர்! இது குறைதானே?"

"பாராட்டு மாதிரிதான் இருக்கு" என்றாள் யோருன், பலகையைக் கோலால் தட்டிக்கொண்டே. "தொடரலாம்."

ஏற்றம் வந்தது. சிக்னேவின் தொடை எரிந்தது. வழக்கமாக அவள் வாய் திறக்கிற இடம் அது. ஒவ்வொரு வருஷமும் இதே பிர்ச் மரத்தருகே. அவள் மரத்தைப் பார்த்தபடி தாண்டினாள். ஸ்டுர்லா அவளைப் பார்த்தபடி தாண்டினான். அவனுக்கு மூச்சு இரைத்தது. காதில், புருவத்தில், தொப்பியின் குஞ்சத்தில் எல்லாம் சிவப்புப் பசை. வாயைத் துடைக்கப் போய்க் கையுறை தாடியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது.

"குளிரு" என்று விளக்கம் சொன்னான்.

கடைசியில் அவன் அதைச் செய்தான். பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான். அந்த நாட்டில் ஒரு ஆண்மகன் இதைவிடக் கால்சட்டையைக் கழற்றியிருக்கலாம். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்வரை புதைந்தது. பெண்கள் இருவரும் கட்டிகளோடு பின்னால் தொப்புத் தொப்பென்று வந்தார்கள்.

அப்போதுதானா ஆஸ்முண்ட் வரவேண்டும்? பக்கத்துக் குடில்காரன். உடம்போடு ஒட்டிய உடுப்பு, எலும்பெல்லாம் தெரிகிற உடம்பு. ஆஸ்லோவில் இவனும் ஸ்டுர்லாவும் ஒரே ட்ராமில் எதிரெதிரே உட்கார்ந்தால்கூடச் செருப்பைப் பார்த்துக்கொள்வார்கள். மலையில் மட்டும் வாய் நிறைய வணக்கம். சத்தமே இல்லாமல் வழுக்கி வந்து நின்றவன், தடத்தில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"வணக்கம் வணக்கம்! என்ன பூசியிருக்கீங்க?"

"நீலம்" என்றான் ஸ்டுர்லா.

ஆஸ்முண்ட் அவன் தோளில் இருந்த பலகைகளைப் பார்த்தான். அடியில் பனிப்பூசணி தொங்கியது. தாடியைப் பார்த்தான்.

"ஓ. நீலமா."

"எனக்கு ஒண்ணுமில்ல" ஸ்டுர்லா குரலைத் தாழ்த்தினான், ஆனால் பனியில் எல்லாம் கேட்கும். "சிக்னேவுக்குத்தான் முடியல. பெர்கன் பாருங்க. பாவம், அவளுக்குத் துணையா நானும் கழட்டிட்டு நடக்கறேன்."

யோருன் தட்டுவதை நிறுத்தினாள்.

வெப்பமானி, பெட்டி, ஆறு வருஷத்து பிர்ச் மரம், விறகுக்குப் பின்னால் கிடக்கிற இருக்கை எல்லாம் வரிசையாக வந்து சிக்னேவின் பல்லுக்குப் பின்னால் நின்றன. ஸ்டுர்லா அவளைத் திரும்பிப் பார்த்தான். கண்ணில் பயம் இருந்தது. அதற்கடியில் கொஞ்சம் நம்பிக்கையும் இருந்தது. சொல்லிவிடுவாள், சொன்னால் லிஃப்ட் இல்லை என்று.

"ஆமாங்க" என்றாள் சிக்னே. "எனக்குத்தான். அவரு ரொம்ப நல்லவரு."

ஆஸ்முண்ட் "உடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். எதிர்த்திசையிலிருந்து ப்ரெபென் வந்தான், உதட்டோரம் ஜாம். வாஃபிள் கடைக்குப் போய்த் தின்றுவிட்டு, நான்கைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தான்.

"நீங்க வரவே காணோம், அதான்" என்றான். "மச்சான், உங்க தாடியில என்ன அது, ஜாமா?"

அங்கிருந்தே திரும்பிக் குடில் வாசலுக்கு வந்ததும் யோருன் இரண்டு கைகளையும் தூக்கி அறிவித்தாள். "அண்ணி நாட் அவுட்!"

சனிக்கிழமை வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. ஸ்டுர்லா வாக்குத் தவற மாட்டான். அதைத் தானே ஊரறியச் சொல்லிக்கொள்பவன். காரோட்டிச் சரிவுக்கு வந்தான். வண்டியிலிருந்து, சரிவுக்கு உதவாத தன் மெல்லிய தடப் பலகைகளை இறக்கினான். நீலம் பூசியிருந்தான்.

"இத வெச்சு எப்படி லிஃப்ட்ல ஏறுவ?" என்று கேட்டாள் சிக்னே.

"சரிவுக்கு வர்றேன்னுதான் சொன்னேன். லிஃப்ட்ல ஏறுறேன்னு சொன்னேனா?"

அவன் கோலை ஊன்றினான். சரிவின் ஓரமாக, பலகைகளை வாத்துக்கால்போல விரித்து வைத்து, ஒவ்வோர் அடியாக ஏறத் தொடங்கினான். ஐந்து வயதுப் பிள்ளைகள் அவனைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள்.

சிக்னே லிஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் மூக்குவரை கழுத்துத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எலும்பெல்லாம் தெரிகிற முழங்கால்.

"ஆஸ்முண்ட்?"

துணி கொஞ்சம் இறங்கியது. "முட்டி வலி" என்றான் ஆஸ்முண்ட். "டாக்டர் சொன்னாரு. யார்ட்டயும் சொல்லிக்க வேணாம்."

"சொல்லல."

நாற்காலி ஆடிக்கொண்டே மேலே போனது. கீழே ஸ்டுர்லாவின் நீலத் தொப்பி ஓரமாக நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க" என்றான் ஆஸ்முண்ட். "நேத்து... நெஜமாவே நீலமா?"

நேற்றோடு ஒப்பந்தம் முடிந்திருந்தது. சிக்னே பையிலிருந்து ஆரஞ்சை எடுத்து, நிதானமாக உரித்து, அவனுக்குப் பாதி கொடுத்தாள்.

"செவப்புப் பசை" என்றாள். பிறகு வெப்பமானியிலிருந்து ஆரம்பித்தாள். லிஃப்ட் மெதுவாகத்தான் போனது. அவளுக்கு அவசரமும் இல்லை. ஆஸ்முண்டுக்குச் சிரித்துச் சிரித்துக் கழுத்துத்துணி முழுவதும் இறங்கிவிட்டது.

உச்சியில் இறங்கி நின்றாள். பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. அவர்கள் குடிலும் தெரிந்தது. குடிலுக்குக் கீழே மளிகைக் கடை, கடை வாசலில் பஸ் நிறுத்தம். அங்கிருந்து புறப்பட்ட சிவப்பு பஸ் வளைந்து வளைந்து வந்து, சரிவின் அடிவாரத்தில் நின்றது. பலகைகளோடு நாலைந்து பேர் இறங்கினார்கள். அந்த பஸ்ஸை அவள் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் குடிலின் வெயில் சுவரில் சாய்ந்தபடி பார்த்திருக்கிறாள். அது எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட யாரையும் கேட்டதில்லை. வாயை மூடிக்கொண்டு ஒரு மலையே ஏறி ஜெயித்தது இதற்காகவா?

கோபம் வந்தது. ஸ்டுர்லா மேல் பாதி. மீதிப் பாதி போக இடமில்லாமல் அவளிடமே நின்றது.

கோல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு கீழே விட்டாள். பெரிய, சோம்பேறி வளைவுகள். ஒன்றும் அழகாக இல்லை. நடுவில் ஒருமுறை பின்பக்கமாக உட்கார்ந்து கொஞ்ச தூரம் அப்படியே போனாள். காற்று காதில் சத்தம் போட்டது. தானே சிரிக்கிற சத்தமும் கேட்டது.

பாதி மலையில் ஸ்டுர்லா நின்றிருந்தான். மேல்சட்டை திறந்து, தொப்பியைக் கையில் பிடித்து, ஆவி பறக்க.

"இன்னும் கொஞ்சம்தான்!" என்று கத்தினான். "மேலயே நில்லு, வந்துர்றேன்!"

அவள் அதற்குள் அவனைத் தாண்டிக் கீழே போயிருந்தாள். மறுபடி ஏற, லிஃப்டுக்கு வரிசையே இல்லை.