கண்மாயில் மூன்றடித் தண்ணீர்

1

இந்தக் கதை ஒரு விளம்பரமாகத்தான் தொடங்கியது. எங்கள் கண்மாய்க் கரையில் நடைபாதை போட்டு, மிதிபடகு விட்டு, இந்தப் பொங்கலோடு ஒரு வருஷம். அதற்கு ஒரு மலர் போடுகிறார்கள். "கரையோட கலை, காட்சி, வியாபாரம் எல்லாத்தயும் ஒரு பக்கத்துல எழுதிக் குடுங்கண்ணே" என்று மலர் போடுகிற காளீஸ்வரன் கேட்டார். நடைபாதைக்குக் கல் பதித்தவன் நான். கண்மாய்க்கு நீர்பாய்ச்சியும் நான்தான். மடையைத் திறப்பதும் அடைப்பதும் என் பொறுப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாற்பத்தாறு வயதானவனிடம் கேட்கிறாரே என்று, இடுப்புவலியோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற பஸ்ஸில் வந்தால், வலது கைப்பக்கம் ஒரு குட்டிக் கடற்கரை. சுவரில் ஓவியர் ரூபன் வரைந்த திமிங்கிலம் உங்களை

இந்த வரியை அடித்துவிட்டேன்.

(அந்தத் திமிங்கிலத்தைப் பார்த்து ஒருவர், "இந்த மீனு கிலோ என்ன வெல?" என்றார். "தலை மட்டும்னா கொறச்சுத் தாரேன்" என்றான் ரூபன். விளம்பரத்துக்கு ஆகாது. விடவும் மனசில்லை.)

2

தண்ணீர் எவ்வளவு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது. மூன்றடி. படகு தரை தட்டாமல் போக இரண்டரை அடியாவது வேண்டும்.

நெல் போட்டிருக்கிற பால்ச்சாமிக்கும் அதே தண்ணீர் வேண்டும். அவர் மனைவி மாரிக்கனி மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்ததால் ஒரு மாதம் பிந்தி நட்டார். மற்ற வயல்களெல்லாம் அறுப்புக்கு நிற்கின்றன. அவருடைய ஓர் ஏக்கர் இப்போதுதான் பால் பிடிக்கிறது. அதுவும் கடைசி வயல். வறண்ட வாய்க்கால் குடித்தது போகத்தான் அவருக்கு. அவ்வளவு தூரம் பாய்ச்சினால் கண்மாயில் ஓரடி மிஞ்சும்.

[டேங்கர் லாரியில் கொண்டுபோகலாமே என்பீர்கள். வயலுக்கு வண்டிப்பாதை கிடையாது. கதை என்னுடையது, ஒரு பாதை போட்டுவிடலாம்தான். ஆனால் இதைப் பால்ச்சாமியும் படிப்பார்.]

"மாப்ள, ஒரே ஒரு தண்ணி. இல்லாட்டி கதிரு பூராம் பதராப் போகும்."

"பொங்கலுக்கு ஆறு நாளுதான் மச்சான். கூட்டம் போகட்டும். அதுவரைக்கும் தாங்காதா?"

"நெல்லுக்குக் காலண்டரு பாக்கத் தெரியாதே மாப்ள."

3

காத்திருக்க முடியாத இன்னொருவர் ஜெயக்கொடி. நூல் மில் வேலையை விட்டுவிட்டுப் படகுத் துறையில் மீன் வறுத்து விற்கிறார். தண்ணீர் வற்றினால் படகுகளை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். படகு போனால் கரைக்கு யார் வருவார்கள்? மில்லில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: கண்மாய்க் கரையில் பேராசைக்காரி ஒருத்தி இருந்தாள். ஊர் வயிறு காய்ந்தாலும் தன் சட்டி காயக் கூடாது என்று

இப்படி ஒரு பக்கம் எழுதினேன். மனசு லேசானது. மடைத் திருகைச் சுற்றக் கை தானாகப் போகும் போல இருந்தது. அந்த நோட்டை ஜெயக்கொடி கடையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதுதான் தப்பு.

"இது யாருண்ணே, நானா?"

"கத தாயி."

"என் தோடு இருக்கு, என் அடுப்பு இருக்கு. என் கொணத்த மட்டும் காணோம்." மீனைத் திருப்பிப் போட்டார். "என்னயக் கெட்டவளாக்கிட்டா மடயத் தொறக்க லேசா இருக்கும்ல?"

அடுத்த பக்கத்தை அவர் புரட்டுவதற்குள் நோட்டை வாங்கிக் கிழித்தேன். அந்தப் பக்கத்தில் பால்ச்சாமி சீட்டாடிக்கொண்டே நடவைத் தள்ளிப் போட்டிருந்தார். மாரிக்கனிக்கு நோயே வந்திருக்கவில்லை.

4

முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

மழை பெய்வது. பெய்தால் அறுப்புக்கு நிற்கிற மற்ற வயலெல்லாம் சாய்ந்துவிடும்.

பாதி திறப்பது. அத்தனையையும் வாய்க்காலே குடித்துவிடும், படகும் தரை தட்டும். இரண்டு பேரையும் சரிசமமாகக் கெடுத்த நியாயஸ்தன் என்று பேர் வரும்.

ஜெயக்கொடியே வந்து, "தொறந்து விடுங்கண்ணே" என்று கண் கலங்கிச் சொல்வது. இதைத்தான் ரொம்ப நன்றாக எழுதினேன். வாசித்தபோது வெட்கமாக இருந்தது. என் வேலையைத் தூக்கி அவர் தலையில் வைத்திருக்கிறேன்.

5

எங்கள் ஊரில் நீர்பாய்ச்சிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இந்தக் கண்மாய்ப் பாசனத்தில் அவனுக்கு ஒரு குழி நிலம்கூட இருக்கக் கூடாது. இருந்தால் கை தன் வயல் பக்கம் சாயும். எனக்கு நிலம் இல்லை. ஆனால் இந்த இரண்டு பேரையும் எழுதிவிட்டேன். எழுதினவனுக்கு இரண்டு பக்கமும் வயல் விழுந்துவிடுகிறது.

உங்களுக்கு இங்கே வயலும் இல்லை, கடையும் இல்லை.

இனி மடை உங்கள் கையில். திருகு மேற்கு ஓரம். இடப்பக்கம் சுற்றினால் திறக்கும். துருப்பிடித்தது, இரண்டு கையும் வேண்டும். காலை ஏழு மணிக்குப் பால்ச்சாமி மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கி நிற்பார். ஜெயக்கொடி அடுப்பு மூட்டியிருப்பார். இரண்டு பேருமே உங்களைப் பார்ப்பார்கள். மூஞ்சியைத் திருப்பாமல் அவர்களைப் பார்த்துவிட்டு, அப்புறம் நீங்கள்