தொட்டியில் கிடந்த முட்டைகள்

"அப்பா, இங்க வாங்களேன்! தொட்டி முழுக்க ஏதோ பூச்சி முட்டை போட்டு வச்சிருக்கு!"

பால்கனியில் மகள் கையுறை மாட்டிக்கொண்டு, மிளகாய்ச் செடியின் மண்ணிலிருந்து மஞ்சள் உருண்டைகளைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றை எடுத்து நசுக்கினார். பிசுக்கென்று தண்ணீர் தெறித்தது. அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"முட்டையும் இல்ல, மோட்டையும் இல்ல. இது உரம்மா. செடி வித்தவங்களே மண்ணோட கலந்திருக்காங்க. இந்த ஓடு வழியா ஈரம் உள்ள போய் உர உப்பைக் கரைக்கும். அது செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமா கசியும். கடைசியில வெறும் தண்ணிதான் மிச்சம்."

"மொத்தமா போட்டா என்ன?"

"ஒரு மாசச் சாப்பாட்டை ஒரே வேளையில தின்பியா? வேர் கருகிடும்."

மீசை கறுத்திருந்த காலத்தில், உரத் தொழிற்சாலையில் பூச்சு உருளை ஓட்டியவர் அவர். இரும்பு உருளை சுழல, உள்ளே சூடான உர மணிகள் புரளும்; மேலிருந்து பிசின் கரைசல் பனிபோலத் தூறி அவற்றின்மேல் ஓடாகப் படியும். 'உருளை ராஜா' என்றே பெயர். கூடவே தலைக்கனமும்.

அந்தத் தலைக்கனத்தில் ஒருநாள் ஓட்டை விழுந்தது. சோதனை அறைக்குப் புதிதாக வந்த பெண், கண்ணாடிக் குடுவையோடு உருளையருகே வந்து நின்றாள்.

"இது உங்க சரக்குதானே? மாசக்கணக்கில தாங்கணும். வெந்நீர்ல போட்டேன், மறுநாளே காலி."

"வெந்நீர்ல எதுதாங்க தாங்கும்?"

"சூட்டுல வேகமா கசியும்னு எனக்கும் தெரியும். அதே வெந்நீர்ல உங்க போன வாரத்துச் சரக்கு கல்லு மாதிரி இருக்கே!"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கோபத்தோடு தூவும் குழாயைக் கழற்றிப் பார்த்தால், பாதி அடைத்துக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது: அவள் மேலாளரிடம் போகவில்லை, முதலில் தன்னிடம் வந்திருக்கிறாள். அதன்பின் ஒவ்வொரு மாதிரியையும் அவரே சோதனை அறைக்குச் சுமந்தார். "சோதனை சரக்குக்கா, மாப்பிள்ளைக்கா?" என்று கூட்டாளிகள் வாரினார்கள். கல்யாணச் சாப்பாடு போட்டுத்தான் அவர்கள் வாயை அடைக்க முடிந்தது.

அவள் இப்போது மகனுடைய ஊரில் இருக்கிறாள். மகன் மருந்துக்கடை திறந்தபோது, "ஒரு மாசம் ஒத்தாசை பண்ணிட்டு வர்றேன்" என்று போனவள். அந்த மாசம் இன்னும் முடியவில்லை.

போன் போட்டார்.

"என்னங்க, கடையில கூட்டமா இருக்கு."

"தொட்டியில நம்ம உரம் கிடக்கு. உன் பொண்ணு பூச்சி முட்டைன்னு பொறுக்கிக் கொட்டுறா."

அவள் சிரித்தாள், மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். "நசுக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தண்ணிதான்."

"அப்ப அங்க வெயில் ஜாஸ்தி. புதுசு போடச் சொல்லுங்க."

"நீயே வந்து சொல்லேன்."

"கடையை யாரு பாக்கிறது?"

"ஆள் வைக்கச் சொல்லு. எனக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் வைக்க முடியுமா?"

மறுமுனையில் யாரோ மாத்திரை கேட்டார்கள். "இருங்க, வர்றேன்" என்று கடைக்கு வந்தவரிடம் சொன்னாளா, இவரிடமா என்று தெரியவில்லை. பிறகு குரல் தணிந்தது. "இதை முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?"

ஞாயிற்றுக்கிழமை பேருந்திலிருந்து இறங்கியவள், அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இளைச்சுட்டீங்களே!" அவர் பெட்டியை வாங்கினார். நல்ல கனம். நாலு நாள் தங்க வருகிறவளின் பெட்டி இல்லை அது.