ரயில் இல்லாத சுரங்கம்

...ரயில்தான் கண்ணெதிரே குட்டி ஸ்டேஷனில் நிற்கிறதே, பிறகு சுரங்கத்துக்குள் ரயில் இருக்கிறது என்று இந்தச் சிவப்பு விளக்கு எதற்குச் சாதிக்கிறது, காலையிலிருந்து இதே அழிச்சாட்டியம், மின்சுற்று என்று பார்த்தால் பெரிய மாயமெல்லாம் இல்லை, சுரங்கக் கூரையில் ஒரு குட்டி பல்ப், கீழே தண்டவாளத்துக்கு நடுவே வெளிச்சத்தை உணரும் ஒரு கண், ரயில் வந்து கண்ணை மறைத்தால் சுவிட்ச் பலகையில் சிவப்பு எரியும், அவ்வளவுதான்... பல்ப் ஃபியூஸா, குனிந்து பார்த்தாள், சுரங்க வாயில் மஞ்சள் வெளிச்சம், உயிரோடுதான் இருக்கிறது, டிரான்சிஸ்டரா, புதுசு மாற்றியும் அதே சிவப்பு, மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஊரார் கண்ணுக்கு லென்ஸ் பொருத்துகிறவளுக்குத் தன் ரயிலின் கண்ணில் என்ன கோளாறென்று தெரியவில்லையே, வெட்கக்கேடு... ஆனாலும் இந்தக் குடைச்சல் பிடித்திருந்தது, நாளையை நினைக்காமல் இருக்கலாம். மாசக்கணக்கில் மாத்திரையைக் கூட்டியும் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது, வீட்டில் இனிப்பு என்ற பேச்சே கிடையாது, பின்னே எங்கிருந்துதான் ஏறுகிறது, "இனிமே ஊசிதாம்மா, நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்று டாக்டர் சொன்னதும் அந்த ஆறடி மனுஷன் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார், பாவம். "என்ன, உன் பொம்மை ரயில் மக்கர் பண்ணுதா?" ஹாலிலிருந்து குரல் மட்டும் வந்தது, கல்யாணமான நாளிலிருந்து பொம்மைதான், வேறு வார்த்தையே வாயில் வராது.

ஒருவேளை விளக்கு உண்மையைத்தான் சொல்கிறதோ, கண்ணை நிஜமாகவே ஏதாவது மறைத்திருந்தால்... கை நுழையாது, கடையிலிருந்து கொண்டுவந்த நீள இடுக்கியை விட்டுத் துழாவினாள், ஏதோ சரசரத்தது, இழுத்தாள், பளபளவென்று ஒரு ஜிகினாத்தாள், முகர்ந்தாள்... சாக்லேட். பலகையில் சிவப்பு அணைந்தது. அடப்பாவி மனுஷா! கோபம் குப்பென்று ஏறியது, நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தே விட்டாள், அறை வாசல்வரை போய் நின்றாள். அதுசரி, சுரங்கத்துக்குள் இது எப்படிப் போயிற்று? எறிந்தால் அவ்வளவு தூரம் போகாது, உள்ளே வளைவு, ரயில்தான் கொண்டுபோயிருக்க வேண்டும்... கடைசியில் கோத்திருந்த சரக்குப்பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள், மூலையில் பழுப்பாக ஒரு துணுக்கு. சாக்லேட்டை ஏற்றி, ஒரு சுற்று ஓட்டி, ஸ்டேஷனில் இறக்கித் தின்றுவிட்டு, வெறும் தாளை மறுபடி ஏற்றி அனுப்பியிருக்கிறார்! அவள் கடையில் இருக்கிற மத்தியானங்களில், ரிட்டயரான மனுஷன், தன்னந்தனியாக, பொம்மை பொம்மை என்று கேலி பண்ணின அதே வாய் கூ என்று விசில்கூட ஊதியிருக்குமோ? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா...

டாக்டரிடம் சொன்னால் ஊசி தள்ளிப்போகலாம், சொல்லித்தான் ஆகவேண்டும், உடம்பு விஷயம், ஆனால் அவள் வாயால் குட்டு உடைந்தால் வெட்கத்தில் இந்த அறைப் பக்கமே அவர் எட்டிப் பார்க்கமாட்டார், அவராகவே சொன்னால்? தாளை இடுக்கியால் மறுபடி உள்ளே தள்ளினாள். சிவப்பு எரிந்தது. "என்னங்க, கொஞ்சம் இங்க வாங்களேன், சுரங்கத்துல ரயிலே இல்ல, லைட்டு மட்டும் எரியுது, ஏன்னு தெரியுதா பாருங்க." டிவி சத்தம் நின்றது. வந்தவர் பலகையைப் பார்க்கவே இல்லை, நேராகச் சுரங்க வாயிலைப் பார்த்தார், அவள் கையிலிருந்த இடுக்கியைப் பார்த்தார், காது மடல் சிவந்தது. "அந்த வளைவுல மெதுவா விடணும்மா," என்றார், "இல்லேன்னா கடைசிப் பெட்டி சாயும்." கடைசிப் பெட்டி சாயுமா... தண்டவாளம் போட்டவளுக்கே இது தெரியாதே, எத்தனை மத்தியானம் ஓட்டினால் இது தெரியும்?