துபாஷிக்குப் பிடிபடாத சொல்

உலாந்தாக்காரர் என்ற டச்சுக்காரர் கோட்டையில் சுப்பராயலு துபாஷியாகச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. துணி வியாபாரத்தில் அவருக்குத் தெரியாத சொல் கிடையாது. பாவு, ஊடை, சாயம் என்று நெசவாளி எதைச் சொன்னாலும் உடனே போர்த்துகீசில் சொல்லிவிடுவார். அவரும் கோட்டைத் தலைவரான கப்பித்தானும் பேசிக்கொண்டது அந்தப் பாஷையில்தான். ஆனால் மீன்பிடிப் பேச்சு அவர் காதில் விழுந்ததே இல்லை. அவர் கடலைவிட்டு உள்ளே தள்ளி, நெல் விளைகிற ஊர்க்காரர்.

மாசி மாதத்தில் ஒரு காலை ஏரிக்கரை ஊரான பசியாவரத்திலிருந்து செங்கல்வராயன் என்ற வலைக்காரனும் அவன் மனைவி தனக்கோடியும் வந்து கப்பித்தான் முன்னால் நின்றார்கள்.

"உங்க சலுப்பு வந்ததுலேர்ந்து எங்க பாட்டை நிறுத்திட்டீங்க சாமி" என்றான் செங்கல்வராயன். சலுப்பு என்பது கோட்டைக்கு எதிரே, கடலோடு சேரும் ஏரியில் புதிதாக நங்கூரமிட்டிருந்த சின்னக் கப்பல்.

சுப்பராயலு யோசிக்கவில்லை. கப்பல்காரர்கள் இவர்களைப் பாடவிடுவதில்லையாம் என்று மொழிபெயர்த்தார். கப்பித்தான் வியந்துபோனார். கோட்டையில் ஜெபம் நடக்கும் நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் தாராளமாகப் பாடிக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

பதிலைக் கேட்டதும் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாட்டா? நாங்க பாட்டைக் கேக்கலீங்க. பாடு. எங்க பாடு போச்சு" என்றாள் தனக்கோடி.

அப்போதுதான் சுப்பராயலுவுக்கு உறைத்தது. பாட்டு என்றாலும் பாடு என்றாலும் 'ஐ' சேர்ந்தால் இரண்டும் பாட்டைதானே. கஷ்டத்தைச் சொல்கிறீர்களா என்று கேட்டார். இல்லையாம். இடமா? அதுவும் இல்லையாம். சொன்னால் விளங்காது, வந்து பார்த்தால்தான் விளங்கும் என்றான் செங்கல்வராயன். இத்தனை வருஷத்தில் ஒரு சொல் தன்னை இப்படித் திருப்பி அனுப்பியதில்லை என்பது அவர் மனதைக் குடைந்தது. மறுநாள் விடிந்ததும் அவர்கள் படகில் ஏறிவிட்டார்.

ஏரியின் நடுவில் செங்கல்வராயன் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினான். சுற்றிலும் வெறும் தண்ணீர்.

"இதான்" என்றான்.

அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மேற்கே ஒற்றைப் பனையும் அதன் பின்னாலிருந்த கோபுரமும் ஒரே கோட்டில் வந்தால் அது ஒரு எல்லை என்று அவன் காட்டினான். கோட்டைக் கொடிமரம் மணல்மேட்டின் மேல் ஏறினாற்போலத் தெரிந்தால் அது மற்றது. நீர் வற்றும்போது இறால் இந்த வழியாகத்தான் முகத்துவாரத்துக்கு ஓடும். ஊரில் இருபத்துமூன்று குடும்பம். வருஷத்துக்கு ஒரு தரம் அம்மன் கோயிலில் சீட்டுப் போட்டு வரிசை எடுப்பார்கள். இன்றைக்கு ஒரு குடும்பம் வலை கட்டினால் நாளைக்கு அடுத்தது. தவறினால் தவறியதுதான், இன்னொருவர் நாளில் கை வைக்கக்கூடாது. செங்கல்வராயன் முறை இரண்டு தடவை வந்து போய்விட்டது. இரண்டு தடவையும் அந்த வழியின் குறுக்கே சலுப்பு நின்றது.

திரும்பும் வழியில் தண்ணீர் சட்டென்று வற்றிப் படகு தரை தட்டியது. மறுபடி ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்று மூவரும் பக்கத்து மணல்திட்டில் இறங்கினார்கள். கொண்டுவந்த தண்ணீர் எப்போதோ தீர்ந்திருந்தது. வெயில் ஏற ஏறச் சுப்பராயலுவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

தனக்கோடி அடம்பங்கொடி படர்ந்த மேட்டைத் தேடிப்போய் உட்கார்ந்து கையாலேயே மணலை வாரினாள். முழங்கை ஆழத்தில் ஈரம் கசிந்து தண்ணீர் தெளிந்தது. சிரட்டையில் மொண்டு குடிக்கக் கொடுத்தாள். கொஞ்சம் சப்பென்றிருந்தாலும் உப்பில்லை. அவருக்கு ஆசை அடங்கவில்லை. தானும் பக்கத்தில் ஒரு குழி தோண்டினார், நன்றாக ஆழமாக. வாயில் வைத்ததும் துப்பினார்.

"நல்ல தண்ணி மேலதான் மெதக்கும். ரொம்பத் தோண்டுனா அடி உப்பு வந்துரும்" என்றாள் அவள் சிரிக்காமல்.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டிருந்தது. முதல் சிரட்டையை அவள் குடிக்கவும் இல்லை, அவருக்குத் தரவும் இல்லை. கொடியின் வேரில் ஊற்றிவிட்டாள். அது ஏன் என்று கேட்டார்.

"அது கொடியோட பாடு. அப்புறந்தான் நம்ம பாடு."

சுப்பராயலு கையிலிருந்த ஈர மணலைத் தட்டிவிட்டு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். இடமும் நாளும் பங்கும் தனித்தனி என்று நினைத்துத்தான் அவர் தடுமாறியிருக்கிறார். இவர்களுக்கு அது மூன்றும் சேர்ந்த ஒன்று. நீர் ஏறும்வரை அவர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், அவளும் சலிக்காமல் பதில் சொன்னாள்.

மறுநாள் கப்பித்தானிடம், தான் தப்பாகச் சொல்லிவிட்டதாக ஒப்புக்கொண்டார். துபாஷி வாயிலிருந்து வரக்கூடாத பேச்சு அது. போர்த்துகீசில் அதற்குச் சொல் கிடைக்கவில்லை. கடைசியில் கொத்தளத்துக் காவலைக் காட்டினார். அங்கே ஒவ்வொரு சிப்பாய்க்கும் நிற்கும் இடம் ஒன்று, மணி ஒன்று. அவன் மணியில் அந்த இடம் அவனுடையது. மீன்காரர்களின் காவலில் உங்கள் கப்பல் நிற்கிறது என்றார்.

கப்பித்தான் தாடியைத் தடவினார். பாடு என்பது இடமா, மணியா என்று கேட்டார். இரண்டும்தான் என்றார் சுப்பராயலு. சலுப்பை நகர்த்தும் உத்தரவில் அந்தச் சொல்லை மட்டும் கப்பித்தான் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொல்லி, அப்படியே உலாந்தா எழுத்தில் எழுதிக்கொண்டார்.

ஆனால் சலுப்பில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெற்கே நகர ஆறு நாள் ஆனது. அதற்குள் செங்கல்வராயன் முறை மூன்றாவது தடவையும் போய்விட்டது.

நான்காவது முறைக்குச் சுப்பராயலு சொல்லாமலே வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வலையின் ஒரு முனையைத் தானும் இழுத்தார். காற்று ஒத்துழைக்காததால் கூடையில் பாதிகூட நிறையவில்லை. இத்தனை பாடுபட்டும் இவ்வளவுதானா என்று அவருக்குத்தான் மனசு சோர்ந்தது.

"பாடு வந்துச்சே சாமி. மீனு வர்றதும் வராததும் அதோட இஷ்டம்" என்று செங்கல்வராயன் வலையை உதறினான்.

சுப்பராயலுவின் உள்ளங்கை இரண்டும் கொப்புளித்திருந்தன. அடுத்த நாள் கோட்டையில் அவர் எழுதிய கணக்கோலையில் எழுத்தெல்லாம் கோணலாக விழுந்தது. கேட்டவர்களிடம் காரணத்தை மறைக்காமல் சொன்னார்.