எந்தக் கால் முன்னால்

"எனக்கு இடது கால்தான் முன்னால வரும் மார்னி, மறந்துட்டியா?" என்றாள் ட்ரூடி, சமையலறைத் தரையில் கிடந்த பனிச்சறுக்குப் பலகையின்மேல் வெறும் காலுறையோடு நின்றபடி.

மார்னி மறக்கவில்லை. பலகையில் காலைப் பூட்டும் கால்பிடியின் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கென்று வாங்கிய கறுப்பு உடுப்பில் பலகையின் மெழுகு ஒட்டியிருந்தது. புருஷன் செத்த மூன்றாம் நாள் அவனுடைய சிநேகிதியின் காலடியில் மண்டிபோட்டவள், உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர் வழக்கம் அப்படி. செத்தவரின் பலகையில் நெருங்கியவர் ஒருவர் முதலில் மலையிறங்குவார். ஊர் பின்னால் வரும். அப்புறம்தான் சர்ச். நெருங்கியவர் யார் என்று மார்னியை எவரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் ரஸ்ஸோடு மலையேறியவள் ட்ரூடி. அவன் நெஞ்சு நின்றதுகூட, கம்பிவடத்தில் தொங்கி மலையேற்றும் நாற்காலியில், அவள் பக்கத்தில்தான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் நாற்காலி.

மார்னியின் பங்கு திருப்புளிதான். ஒவ்வொரு பனிக்காலமும் ரஸ் இதே தரையில் நிற்பான், அவள் கோணம் பார்த்து முடுக்கித் தருவாள். அவன் வலது காலை முன்னால் வைத்துச் சறுக்குகிறவன். இப்போது ட்ரூடிக்காக அத்தனையையும் அவளே கழற்றி மாற்ற வேண்டும்.

"கடைசியா என்ன சொன்னான்?" என்று கேட்டாள் மார்னி.

"சூப் ஆறிடும்னான்."

"என் சூப்பா?"

"பின்ன என்னோடதா? எனக்கு வெந்நீரே தீஞ்சு போகும். நாற்காலில ஏறினா உன் சூப் புராணம்தான்டி. காது புளிச்சுப் போச்சு."

"இங்க சாப்பாட்டு மேசையில உன் புராணம்."

முதல் திருகு கழன்றது. இரண்டாவதில் மார்னியின் கை நின்றது.

"இறங்கு."

"என்ன?"

"நான் போறேன்."

"நீயா? விழுந்து வைப்பே!"

"விழறேன். பிள்ளைங்க கத்துக்கற மேடு போதும். எனக்கு எந்தக் கால் முன்னால வரும்?"

"சொன்னா வராது. திரும்பி நில்லு."

ட்ரூடி அவள் முதுகில் கைவைத்துத் திடீரென்று தள்ளினாள். விழாமலிருக்க மார்னியின் வலது கால் தானாக முன்னால் பாய்ந்தது.

இருவரும் அந்தக் காலையே பார்த்தார்கள்.

"ரஸ் உன்னைத் தள்ளிப் பார்த்ததே இல்லையா?"

"நான் விட்டாத்தானே."

"ரெண்டு காலுக்கும் நடுவுல அவனோட அகலம் உனக்கு ஜாஸ்தி. குறைக்கட்டுமா?"

"வேண்டாம்."

ட்ரூடி மண்டியிட்டுக் கழன்ற திருகைத் திரும்ப முடுக்கினாள். ஒரே ஒரு திருகு. நிமிராமல், நெடுநேரம் முடுக்கிக்கொண்டிருந்தாள்.