வாயை மூடிக்கொண்ட வீடு

எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை என்றதும் எங்கள் வீடு வாயை மூடிக்கொண்டது. துணி தைத்துக் கொடுக்கும் அம்மா, மெஷினுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு, வந்த துணிகளையெல்லாம் சித்தியிடம் தைக்கக் கொடுத்துவிட்டாள். அக்கா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். அப்பா தும்மினால் தெருவுக்கே கேட்கும். அந்த மனுஷன் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடித் தும்மிவிட்டு வருவார். கேட்டால், "புள்ள படிக்குதுல்ல!"

புள்ள எங்கே படித்தது? மெஷின் கடகடவென்று ஓட, அக்கா யாரையாவது திட்ட, அதற்கு நடுவே படித்தே வளர்ந்த கழுதை நான். இந்த அமைதியில் என் நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும்தான் காதில் விழுந்தது. மாதிரித் தேர்வில் கணக்குத் தாளைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது. தெரிந்த கணக்குகூட மறந்துபோய், பாதித் தாளை எழுதாமலே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாளைக்கு அசல் கணக்குப் பரீட்சை. சாயங்காலம் அம்மா பூனை நடை நடந்து வந்து பால் டம்ளரை வைத்தாள். எப்படிப் போகிறது என்று கையாலேயே கேட்டாள். எனக்கு வந்ததே கோபம்!

"வாயத் திறந்து கேளேம்மா! எழவு வீட்டுலகூட இதைவிட சத்தம் இருக்கும்!"

அப்பாவும் அக்காவும் பதறிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"நாளைக்கு நான் போகல. பயமா இருக்கு. மாதிரித் தேர்வுல பாதிதான் எழுதுனேன்." சொல்லும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவு நாளா ஏன்டி சொல்லல?"

"எங்க சொல்றது? வாயத் திறந்தாலே 'பேசாம படி'ங்கிறீங்க!"

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. "உனக்கு நல்லது பண்றோம்னு நெனச்சுக்கிட்டு..." அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, என் கோபமும் போகவில்லை.

அக்காதான் மெதுவாகச் சொன்னாள். "நானும் பத்தாவதுல கணக்குப் பரீட்சைக்கு முன்னாடி பாத்ரூம்ல வாந்தி எடுத்தேன்."

"நீயுமா? சொல்லவே இல்லையேடி!" என்று அம்மா அவள் பக்கம் திரும்பினாள்.

"இந்த வீட்டுல யாரு எதைச் சொல்லியிருக்கா?"

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "ஃபெயிலானா மறுபடி எழுதிக்கலாம், ஒண்ணும் குடி முழுகிப்போயிடாது. நீ பயந்துக்கிட்டுத் தனியா கெடந்தியே, அதத்தான்டி என்னால தாங்க முடியல."

மறுநாள் மூன்று பேருமே பள்ளிக்கூட வாசல்வரை வந்தார்கள்.

"பயமா இருக்கா?" அம்மா நடுரோட்டில் உரக்கக் கேட்டாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருக்கு!" என்று நானும் உரக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தாளைப் புரட்டியபோது பயம் இருக்கத்தான் செய்தது. முதல் கேள்வி சுத்தமாகத் தெரியவில்லை. போனால் போகட்டும் என்று இரண்டாவது கேள்விக்குப் போனேன்.