தெற்குச் சதுப்பின் முப்பத்தெட்டு டேப்புகள்

ஈராக்கில் அரசு கவிழ்ந்து, பஸ்ராவில் நில அளவை அலுவலகம் சூறையாடப்பட்ட அன்று காலை, சாஹிரா காரைப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். முன்வாசல் வழியாக ஜனங்கள் நாற்காலி, மின்விசிறி, கழிப்பறைக் கதவு என்று கைக்குக் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டாம் மாடி ஆவண அறையில், பதிவேட்டு எழுத்தர் பெஹ்னாம் அவளுக்கு முன்பே வந்து காவல் நின்றார்.

"ஒருத்தன் எட்டிப் பார்த்தான். வெறும் டேப்புதான்பான்னேன். ஒரு டிவிகூட இல்லாத ஆபீஸான்னு என்னையே திட்டிட்டுப் போறான்."

அந்தக் கணினி டேப்புகளில் இருந்தது தெற்குச் சதுப்பு. அரசாங்கம் அதை வற்றடிப்பதற்கு முன் பத்து வருஷம் படகில் போய் அளந்த ஒவ்வொரு நாணல் தீவும், ஒவ்வொரு நீர்ப்பாதையும், எந்தக் குலம் எங்கே குடியிருந்தது என்பதும். அதில் ஆறு கோடைக்காலம் படகில் உட்கார்ந்து அளந்தவள் சாஹிரா.

இருவருமாகச் சுமந்து இறக்கினார்கள். கார் நிறைந்துவிட்டது. கடைசியாகப் பெஹ்னாம் பச்சைத் துணி அட்டை போட்ட பெரிய பதிவேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். டேப்பில் வெறும் எண்கள்தான். போர்க்கால ரகசியம் என்று, எந்த எண் எந்த இடம், எது எதோடு சேரும் என்ற விளக்கம் அந்தப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

"இதை எங்க வைக்கிறது?"

"மேல இன்னும் ஆறு டேப் இருக்கு பெஹ்னாம். அதுக்கே இடம் பத்தல. டேப்பு போனா போனதுதான். பொஸ்தகத்தை நீங்க திரும்ப எழுதிடலாம். மத்தியானம் வந்து எடுத்துக்குவோம்."

அவர் மேலே போய்ப் பதிவேட்டை அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு டேப்புகளோடு இறங்கி வந்தார். மத்தியானம் அவர்கள் திரும்பியபோது இரண்டாம் மாடி எரிந்துகொண்டிருந்தது.

"எல்லாம் இங்க இருக்கு," என்று பெஹ்னாம் நெற்றியைத் தட்டிக் காட்டினார். "உக்காந்து எழுதிடுவோம்."

உட்காரத்தான் முடியவில்லை. பெட்ரோல் வரிசை, ஆள்கடத்தல், இன்று யார் வீடு நாளை யார் வீடு என்ற பயம். மூன்றாம் வருஷம் அவர் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு கடிதமும் துப்பாக்கி ரவையும் கிடந்தன. அந்த வாரமே குடும்பத்தோடு கிளம்பியவர் ஸ்வீடனில் போய் ஒதுங்கினார். ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சிலும், "அடுத்த வாரம் ஆரம்பிச்சிடறேன்," என்பார். பிறகு பக்கவாதம் வந்து பேச்சைக் கொண்டுபோயிற்று. அடுத்த வருஷம் அவரையும்.

பதினாறு வருஷம் டேப்புகள் சாஹிராவின் உள்ளறையில் குளிர்சாதனத்தில் இருந்தன. "நீ கட்டிக்கிட்டது அதுகளைத்தான். நான் சும்மா வாடகைக்குக் குடியிருக்கேன்," என்பார் அவள் கணவர்.

ஒருநாள் எருமைக்காரர் ஷனாவா, ஒரு தட்டு எருமைப் பாலாடையோடு வாசலில் வந்து நின்றார். சதுப்பில் தண்ணீர் திரும்பியதும் தம் பழைய தீவுக்கே போய்க் குடிசை போட்டவர். இப்போது எண்ணெய்க் குழாய் வருகிறது. அங்கே எந்தக் காலத்திலும் ஊரே இருந்ததில்லை என்று நோட்டீஸ் வந்திருந்தது.

"எங்க ஊரு உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு சொன்னாங்க, உம் ராயித்," என்றார், ராயித்தின் அம்மா என்று ஊர் வழக்கப்படி அவளை அழைத்து.

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. பழைய விமானப் படங்களோடு ஒட்டிப் பார்த்தால் எண்கள் பிடிபட்டுவிடும் என்று இத்தனை வருஷமும் தனக்குத்தானே சொல்லி வந்திருந்தாள்.

பாக்தாதில் பொறியாளர் நிப்ராஸ், டேப் படிக்கும் ஒரு பழைய இயந்திரத்தைத் தட்டிக்கொட்டி ஓடவைத்திருந்தான்; டேப்புகளை அவனுக்கு அனுப்பினாள். முப்பத்தொரு டேப்புகளைப் படிக்க முடிந்தது. "உசுரோட இருக்கு அக்கா!" என்று போனில் கத்தினான். சாஹிரா அன்று அழுதுவிட்டாள்.

ஐந்து மாதம் கழித்து அவன் குரல் இறங்கியிருந்தது. "வெறும் புள்ளி அக்கா. எதை எதோட சேர்க்கறதுன்னு தெரியல. ஷனாவா ஊர்னு நெனைக்கிறதை விமானப் படத்து மேல வெச்சுப் பார்த்தா பதினோரு இடத்துல பொருந்துது. எல்லாம் தண்ணியும் நாணலும்தானே. அறிக்கையில அப்படித்தான் எழுதியாகணும்."

அந்த நோட்டீஸை எதிர்த்து ஷனாவா கொடுத்த மனுவின் விசாரணை நாளில், அறைக்கு வெளியே அவர் மனைவி சாஹிராவின் கையைப் பிடித்தாள். "அந்தப் பதினொண்ணுல எங்க இடமும் ஒண்ணுதானே? அதை மட்டும் சொல்லேன் தாயி."

அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். "நீங்களே அளந்த இடமாச்சே. ஞாபகம் இருக்குமே?"

ஞாபகம் இருந்தது. தேநீர் ஊற்றிய கிழவரின் மூன்று விரல் கை, படகிலிருந்து தவறி விழுந்த நாய், கொசுவுக்கு மூட்டிய சாணப் புகை. ஓர் எண்கூட இல்லை.

"இவர் சொல்ற இடத்துல பொருந்துதா?"

"பொருந்துது."

"வேற இடத்துலயும் பொருந்துதா?"

அறிக்கை அவர் கையில்தான் இருந்தது. "பொருந்துது," என்றாள்.

அவ்வளவுதான் விசாரணை.

வெளியே மதிலோரம் நின்று சாஹிரா எல்லாவற்றையும் ஷனாவாவிடம் சொன்னாள். பதிவேட்டை விட்டுவரச் சொன்னது தான்தான் என்பதையும் மறைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. இதைத்தான் கேட்டார்:

"காருக்குள்ள அந்த எழுத்தர் எங்க உக்காந்திருந்தாரு?"

"முன்னால. என் பக்கத்துல."

"மடியில என்ன வெச்சிருந்தாரு?"

சாஹிராவுக்கு நினைவு வந்தது. அன்று வழியெல்லாம் பெஹ்னாம் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வெறுமனே வைத்துக்கொண்டு வந்தார்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

ஷனாவா தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

குளிர்காலத்துக்குள் குழாய்க்காகத் தீவின் மேல் மண் கொட்டிச் சாலை போட்டுவிட்டார்கள். எருமைகளை விற்றுவிட்டு ஷனாவா குடும்பம் எங்கோ நகரத்து விளிம்புக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். வந்து தன்னை ஒருமுறை திட்டிவிட்டாவது போகமாட்டாரா என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை.

வசந்தத்தில் பாக்தாதிலிருந்து ஆவணக் காப்பக வண்டி வந்து, நிப்ராஸ் திருப்பி அனுப்பியிருந்த முப்பத்தெட்டு டேப்புகளையும் பெட்டிகளில் அடுக்கியது. இனி நூறு வருஷம் கெடாமல் வைத்திருப்போம் என்றார் வந்த அலுவலர். படிவத்தை நீட்டினார். பெயர், எண்ணிக்கை, ஆண்டு எல்லாம் நிரப்பினாள். உள்ளடக்கம் என்ற கட்டம் வந்தபோது பேனா நின்றது.

"சதுப்புன்னு போடுங்களேன்," என்றார் அவர்.

எந்தச் சதுப்பு, யாருடையது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. 'எண்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.